முயலகனும் மூளையும்

ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவைப் பகுதித் தோட்டங்களில் ஒருவர் திடீரென விழுந்து கைகால் உதறினால், அருகில் நிற்போர் முதலிற் செய்வது அவர் கையில் ஒரு சாவியையோ இரும்புத் துண்டையோ திணிப்பதாகும். சிறிது நேரத்தில் வலிப்பு அடங்கும். இரும்பே அடக்கியது என்னும் நம்பிக்கையும் உறுதிப்படும். வலிப்புக்களுட் பெரும்பாலன ஓரிரு நிமிடங்களில் தாமே அடங்குவன என அறிந்தோர்க்கு இந்நம்பிக்கையின் தோற்றம் எளிதில் விளங்கும். பயனற்ற வைத்தியம் ஒன்று இத்தனை காலம் நிலைத்தமைக்கு நோயின் இயல்பே துணைபோயிற்று.

காக்கை வலிப்பு என்பது இந்நோய்க்கு வழங்கும் பெயர். அதனினும் பழைய பெயர் முயலகன். ஆடல்வல்லானின் திருவடிக்கீழ்க் கிடக்கும் பூதத்திற்கும் அதுவே பெயர். வடமொழியில் அப்பூதமும் நோயும் அபஸ்மாரம் எனப்படும். நினைவு நீங்குதல் என்பது அச்சொல்லின் பொருள். சரக சங்கிதை அபஸ்மாரத்தை வாதம், பித்தம், கபம், இம்மூன்றின் கலப்பு என நால்வகையாகப் பகுத்து, மருந்தும் வகுத்துள்ளது.

ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள திருப்பாச்சிலாச்சிராமத்தை அடைந்தபோது, கொல்லிமழவனின் மகள் முயலகன் என்னும் நோயால் உணர்விழந்து கோயிலிற் கிடந்தாள் எனப் பெரியபுராணம் கூறும். சம்பந்தர் பதிகம் பாட அவள் எழுந்தாள் என்பது வரலாறு. இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஊரை ஆளும் தலைவன் தன் மகளின் நோயை மாளிகைக்குள் மறைக்கவில்லை. யாவரும் காணும் சந்நிதியிற் கிடத்தினான். சம்பந்தரும் அப்பெண்ணின் மீது வினைப்பழி சுமத்தவில்லை. இவளை வாடச்செய்வது இறைவனுக்குத் தகுமோ என்றே வினவினார். பிற்காலத்தார் இப்பண்பை மறந்து நோயை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டனர்.

கிரேக்க நாட்டிலும் இது தெய்வ நோயென்றே கருதப்பட்டது. கி.மு. 400ஆம் ஆண்டளவில் ஹிப்போக்கிரட்டீசு மரபினர் இயற்றிய நூலொன்று இக்கருத்தை மறுத்தது. நோயின் இடம் மூளை. ஐயமுடையோர் இந்நோயுற்ற ஆட்டின் தலையைப் பிளந்து பார்க்கலாம் என்பது அந்நூலாசிரியர் வாதம். எனினும் மூளையில் நிகழ்வது யாதென அறிய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் சென்றன. இலண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்னும் வைத்தியர், சில நோயாளிகளுக்கு வலிப்பு பெருவிரலில் தொடங்கிக் கை, தோள், முகம் என ஒழுங்காகப் பரவுவதைப் பொறுமையுடன் நோக்கினார். மூளையின் சாம்பல்நிறப் பகுதியில் எழும் திடீரான மிகை வெளியேற்றமே வலிப்பு என 1873இல் அவர் வரையறுத்தார். செர்மானியரான ஹன்ஸ் பேர்கர், மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து 1929இல் வெளியிட்டபின், அவ்வெளியேற்றம் தாளிற் கோடாகவே தெரிந்தது.

மருந்துகளோ பெரும்பாலும் தற்செயலாகக் கிடைத்தன. 1857இல் சேர் சாள்ஸ் லொக்கொக் தவறானதொரு காரணத்தைக் கருதிப் பொற்றாசியம் புரோமைட்டைக் கொடுத்தார், அது பலித்தது. 1912இல் செர்மனியின் பிரைபேர்க் நகரில் அல்பிரெட் ஹவுப்ற்மன் என்னும் இளம் வைத்தியர் வலிப்பு நோயாளரின் விடுதிக்கு மேலே வசித்தார். இரவிற் கேட்கும் ஆரவாரம் தணியவேண்டிப் புதிய தூக்க மருந்தான பினோபார்பிற்றாலை அவர்களுக்கு வழங்க, தூக்கத்தோடு வலிப்பும் குறைந்ததைக் கண்டார். விலை மிகக் குறைந்த அம்மாத்திரை இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. 1938இல் பெனிற்றோயினும், பின்னர்க் கார்பமாசெப்பீன், வல்புரோவேற்று முதலியனவும் வந்தன. 1933இல் நாசியரசு இயற்றிய சட்டம் பரம்பரை வலிப்பு நோயாளரை வலிந்து மலடாக்க வழிசெய்தது. யூதரான ஹவுப்ற்மனும் அந்நாட்டை விட்டு ஓடவேண்டியவரானார். நோயின் மருந்தும் நோயாளர் மீதான கொடுமையும் ஒரே மண்ணில் விளைந்தன.

சட்டம் வேறிடங்களிலும் இந்நோயாளரை வருத்தியது. இந்தியாவில் 1976ஆம் ஆண்டுத் திருத்தம், இந்துத் திருமணத்தைச் செல்லாததாக்கக்கூடிய குறைகளுள் வலிப்பையும் சேர்த்தது. 1999இலேயே அச்சொல் நீக்கப்பட்டது. அச்சட்டம் இலங்கைக்கு உரியதன்று. ஆயினும் பெண் பார்க்கும் வீட்டில் மாத்திரையை ஒளித்துவைக்கும் வழக்கம் கடலுக்கு இருபுறமும் உண்டு. ஒளித்துவைத்த மாத்திரை உண்ணப்படாத மாத்திரையாவதும், திருமணத்துக்கு அடுத்த நாட்களில் வலிப்பு மீள்வதும் அரிதல்ல.

இனி மலைநாட்டுக்கு வருவோம். 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதிக்கு வழிவகுத்தது. தோட்டத்து மருந்துச்சாலைகளும் வைத்தியசாலைகளும் காலப்போக்கில் எழுந்தன. வாந்திபேதி, வயிற்றுளைச்சல், கொக்கிப்புழு போன்ற, தொழிலை முடக்கும் நோய்களே அவ்வேற்பாட்டின் முதற் கவலை. ஆண்டுக்கணக்கில் நாள் தவறாது மருந்துண்ண வேண்டிய நோய்க்கு அது பொருந்துவதாயில்லை. வலிப்புக்கு மருந்து 1912இலேயே உண்டு. அதைத் தொடர்ந்து பெறுவதே அரிது. 2017 மே 12ஆந் திகதி டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வைத்தியசாலை திறக்கப்பட்டமை ஹட்டன் சுற்றுவட்டாரத்துக்குப் பெருந்துணையாயிற்று. ஆயினும் கிளினிக் நாளில் மலையிறங்கும் தொழிலாளி அன்றைய பேரை இழக்கிறார். துணைக்கு வருபவரும் இழக்கிறார்.

துணைக்கு வருபவர் இங்கு வெறுந்துணையல்லர். வலிப்புற்றவர் தமக்கு நேர்ந்ததை அறியார். எந்தக் கை முதலில் உதறியது, கண் எப்பக்கம் திரும்பியது, எத்தனை நிமிடம் நீடித்தது என்பனவற்றைக் கண்டவரே கூறமுடியும். நோயறிதலின் முதற் சான்று அக்கூற்றேயாம். மூளையலைப் பதிவு சில வேளைகளில் நோயாளரிடத்தும் குறையின்றித் தோன்றும். படப்பிடிப்புக் கருவிகள் தழும்பையும் கட்டியையும் காட்டுமேயன்றி வலிப்பைக் காட்டா. பிறப்பின்போது மூளைக்கு உயிர்வளி குறைதல், தலைக்காயம், மூளைக் காய்ச்சல், பக்கவாதம், பரம்பரை எனக் காரணங்கள் பல. பலருக்குக் காரணமே புலப்படுவதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிமால் சேனாநாயக்க ஆராய்ந்த நோயாளருட் சிலர்க்கு வலிப்பு உணவுண்ணும்போதே வந்தது. இத்தகையோரைக் கண்டவர்கள் சோற்றில் ஏதோ வைத்துவிட்டனர் என ஐயுறுவது வியப்பன்று.

தக்க மருந்தை ஒழுங்காக உண்போருள் நூற்றுக்கு எழுபதின்மர் வரை வலிப்பின்றி வாழலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. மருந்துக்கு அடங்காத சிலர்க்கு அறுவைச் சிகிச்சை உண்டு. மொன்றியலில் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி அதனை 1952இல் வேலூரிற் செய்தார். மாத்திரையைத் தாமாகத் திடீரென நிறுத்துவதே பெரும்பாலோர்க்கு நேரும் ஆபத்து. கருவுற எண்ணும் பெண்கள் வல்புரோவேற்றுக் குறித்து முன்னரே வைத்தியரிடம் பேசுதல் வேண்டும். அது கருவைத் தாக்கவல்லது. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துக் கிடத்தி, வாயில் எதனையும் இடாது, நேரத்தைக் கணித்திருத்தல் தகும். ஐந்து நிமிடம் கடப்பின் வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். லயத்துக் காம்பராக்களில் விறகடுப்பு தரையோடு ஒட்டியிருக்கும் இடங்களில், நோயாளர் வீட்டின் அடுப்பைச் சுற்றி முழங்காலளவு மண்சுவர் எழுப்புதல் பெருஞ்செலவில்லாத காப்பாகும்.