ஓரறிவு உயிரும் நஞ்சுண்ட நிலமும்

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தார். புல்லும் மரமும் அவருக்கு ஓரறிவு உயிர். சமண நூல்கள் இன்னும் ஒரு படி கீழே இறங்கி, மண்ணையும் நீரையுமே உடலாகக் கொண்ட ஓரறிவு உயிர்களைப் பேசுகின்றன. கண்ணுக்குப் புலப்படாமல் கூட்டங்கூட்டமாக வாழ்பவற்றுக்கு நிகோதம் என்று பெயர்.

இதைச் சொன்னவுடன் "பாக்டீரியாவை நம்ம முன்னோர் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அது உயிரின் மேல் வைத்த கருணையால் பிறந்த வகைப்பாடு. கருவி வைத்துப் பார்த்துச் சொன்னதன்று. பார்த்துச் சொன்னவர் ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்து லீவன்ஹூக். 1676-ல் தாம் கண்டதை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். அவர் துணி வியாபாரி; பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். கடையில் உட்கார்ந்துகொண்டே ஏடு புரட்டும் என் போன்றவர்களுக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது, அந்தச் சிற்றுயிர்கள் ஆலை நஞ்சால் கெட்ட மண்ணைத் திருத்தும் வரலாறு. அதில் நம் நாட்டின் பங்கு பலருக்குத் தெரியாது.

கமாக்சின் பவுடரை நம்மில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எறும்புக்கும் கரையானுக்கும் வீட்டு மூலையில் தூவுவோம். வயலுக்கு அதே சரக்கு பி.எச்.சி. என்ற பெயரில் வந்தது. இந்த ரசாயனத்தை 1825-ல் முதலில் உண்டாக்கியவர் மைக்கேல் ஃபாரடே. மின்சார ஆராய்ச்சியில் புகழ்பெற்ற அதே ஃபாரடேதான். பென்சீனும் குளோரினும் வெயிலில் சேர்ந்து பிறந்தது. அது பூச்சியைக் கொல்லும் என்பது தெரிய நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வியாபாரி என்பதால் என் கண் அங்கேதான் போகிறது. ஆலையில் உண்டாகும் சரக்கில் பூச்சியைக் கொல்லும் பகுதி நூற்றுக்குப் பத்துப் பதினைந்துதான். அதைப் பிரித்தெடுத்தால் லிண்டேன். மிச்சம் எண்பத்தைந்து பங்குக்கு வேலை இல்லை, விலையும் இல்லை. ஒரு டன் லிண்டேனுக்கு எட்டு முதல் பன்னிரண்டு டன் வரை கழிவு. அது எங்கே போகும்? ஆலைக்குப் பின்னால் இருக்கும் பொட்டல் நிலத்துக்குப் போகும். ஐரோப்பாவிலும் இதுதான் நடந்தது, லக்னோ பக்கத்திலும் இதுதான் நடந்தது. லாபம் பேரேட்டில் ஏறியது. நஷ்டம் மண்ணில் எழுதப்பட்டது.

இனி உயிர்களின் கதைக்கு வருவோம். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிலிப்பைன்ஸ் நாட்டுச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் என். சேதுநாதன் ஒரு புதிரை ஆராய்ந்தார். புகையான் பூச்சிக்காக டயசினான் மருந்து போட்ட வயல்களில் மருந்து வரவர வேலை செய்யவில்லை. காரணம், வயல் தண்ணீரில் இருந்த நுண்ணுயிர்கள் மருந்தை வெகு வேகமாகச் சிதைத்துக்கொண்டிருந்தன! 1973-ல் யோஷிடா என்பவருடன் சேர்ந்து அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்து அறிவித்தார். விவசாயிக்குத் தொல்லையாகத் தெரிந்தது மண்ணுக்கு மருந்தாக முடிந்தது. பின்னாளில் இந்த வகைப் பூச்சிமருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் என்சைம் ஆராய்ச்சிக்கெல்லாம் அந்த நெல்வயல் பாக்டீரியா முக்கியமான மூலப்பொருளாயிற்று.

சேதுநாதன் பிறகு ஒரிசாவில் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தார். 1990-ல் அவரும் அவருடைய கூட்டாளிகளும், நம் நாட்டு மண்ணிலிருந்து பி.எச்.சி.யைச் சிதைக்கும் பாக்டீரியா ஒன்றை அறிவித்தார்கள். அதே காலத்தில் ஜப்பானிலும் பிரான்சிலும் அதன் பங்காளிகள் கிடைத்தன. மூன்றும் ஒன்றே என்று முதலில் எண்ணப்பட்டது. தில்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரூப் லால் குழுவினர் 2005-ல் மூன்றும் வேறு வேறு இனங்கள் என்று காட்டினர். நம்முடையதன் பெயர் ஸ்பிங்கோபியம் இண்டிகம். பெயரிலேயே இந்தியா இருக்கிறது.

அது செய்கிற வேலை என்ன? பி.எச்.சி. என்பது ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்த வளையம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு குளோரின். அந்தக் குளோரின்தான் மற்ற உயிர்களை அண்டவிடாத முள். இந்தப் பாக்டீரியா தன் என்சைம்களால் முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, வளையத்தை உடைத்துச் சாப்பிடுகிறது. லக்னோ அருகே உம்மரி கிராமத்துக் கழிவுக் கிடங்கின் மண்ணையும், ஒரு கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர் தள்ளி எடுத்த மண்ணையும் ரூப் லால் குழுவினர் ஒப்பிட்டார்கள். நஞ்சு கூடக்கூட அதைச் சிதைக்கும் மரபணுக்களும் மண்ணில் கூடியிருந்தன. யாரும் அழைக்காமலே அவை வேலைக்கு வந்துவிட்டன.

நாம் செய்யக்கூடிய உதவி இரண்டு. அங்கேயே இருப்பவற்றுக்குக் காற்றும் உரச்சத்தும் கொடுத்துப் பெருகவிடலாம். 1989-ல் அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோது கடற்கரையில் உரம் தெளித்தது இவ்வகை. அல்லது வெளியே வளர்த்துக் கொண்டுவந்து சேர்க்கலாம். தில்லி டெரி நிறுவனத்தின் ஆயில்ஜாப்பர் இவ்வகை. மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரைப் பொடித்து, அதில் பாக்டீரியாவை ஏற்றி, எண்ணெய்ச் சகதியில் கலக்கிறார்கள். 2010-ல் மும்பைக் கடலில் கப்பல்கள் மோதியபோதும் அது பயன்பட்டது. தானிய மண்டியில் கழிவென்று ஒதுக்குவது அங்கே வாகனமாகிறது.

வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி எண்ணெய் தின்னும் பாக்டீரியாவை அமெரிக்காவில் உருவாக்கி 1972-ல் காப்புரிமை கேட்டார். 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கு உலகப் புகழ் பெற்றது. அந்தப் பாக்டீரியா மட்டும் எந்த எண்ணெய்க் கசிவிலும் இறக்கப்படவில்லை. பேர் வாங்கியது ஒன்று, பாடுபட்டவை வேறு.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. எண்ணெயையும் பூச்சிமருந்தையும் உடைத்துத் தின்னலாம். உலோகத்தை யாராலும் தின்றழிக்க முடியாது. இராணிப்பேட்டையைப் பாருங்கள். வள்ளிமலையும் பஞ்சபாண்டவர் மலையும் சமணச் சிற்பங்களோடு நிற்கிற, எங்கள் தமிழ்ச் சமணர் நூற்றாண்டுகளாக வாழ்ந்த வட ஆற்காட்டு மண் அது. அங்கே ஒரு குரோமேட் ஆலை 1990-களில் மூடப்பட்டபோது விட்டுப்போன கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாது. 2006-ல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ஓர் அமெரிக்க அமைப்பு அதைப் பட்டியலிட்டது. தண்ணீரில் கரைந்து ஓடுகிற கொடிய குரோமியத்தை, எளிதில் கரையாத, நஞ்சு குறைந்த குரோமியமாகச் சில பாக்டீரியாக்கள் மாற்றும். அது பெரிய உபகாரம். ஆனாலும் குரோமியம் மண்ணிலேயேதான் கிடக்கும்.

சூளையில் போட்டு மண்ணை எரிப்பதும் ஒரு வழிதான். எரித்தால் நஞ்சு போகும். மண்ணின் உயிரும் போகும். பசித்தவற்றுக்குச் சோறு போட்டு வேலை வாங்கும் இந்த வழி அகிம்சைக்கு நெருக்கமானது என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பொறுமை வேண்டும். மாதங்களும் வருஷங்களும் ஆகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இல்லறத்தான் விலக்க வேண்டிய தொழில்களின் பட்டியலில் நஞ்சு வாணிகத்தையும் சமண நூல்கள் சேர்த்திருக்கின்றன. விற்றுவிட்ட பிறகு கழுவுவதைப் பற்றி அவை பேசவில்லை. விற்காதே என்றுதான் சொல்கின்றன. நம் நாடு பி.எச்.சி.யை 1997-ல்தான் தடை செய்தது. லிண்டேன் பயன்பாடு 2013-ல்தான் நின்றது. அதற்குள் கொட்டியது கொட்டியதுதான். பாக்டீரியா இருக்கிறதே என்று ஆலைக்காரர் துணிந்து கொட்டினால், அந்த ஓரறிவு உயிரின் உழைப்பை ஆறறிவு உயிர் திருடுகிறது என்றுதான் பொருள்.

நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் மைக்ரோபயாலஜியும் பயோடெக்னாலஜியும் படிக்கிறார்கள். மருந்துக் கம்பெனிக்குப் போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. உம்மரியும் இராணிப்பேட்டையும் காத்துக்கொண்டிருக்கின்றன என்பதும் நினைவில் இருக்கட்டும்.