அலையும் கடலின் சூடும்

வெயில் காய்ந்தால் கடலின் மேல்தண்ணீர் சூடாகும். அந்தச் சூட்டைக் கீழே இறக்குவதும், அடியிலுள்ள குளிர்ச்சியை மேலே கொண்டுவருவதும் காற்றும் அலையும்தான். இதை மனிதன் புரிந்துகொள்ள இருநூறு வருஷங்கள் பிடித்தன.

பெஞ்சமின் பிராங்க்ளினை எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் இடிதாங்கிக்காரர், பாரிசில் இருந்த அமெரிக்கத் தூதர் என்றுதான் படித்தோம். அவர் கடலையும் ஆராய்ந்தவர். எண்ணெய் விட்டால் அலை அடங்கும் என்று லண்டனில் ஒரு குளத்தில் சோதித்து, 1774ல் கட்டுரை வெளியிட்டார். 1775ல் ஊர் திரும்பும் கப்பலில் தினமும் வெப்பமானியைக் கடலில் இறக்கி, வளைகுடா நீரோட்டம் சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சூடாக இருப்பதைக் குறித்துவைத்தார். அலை ஒரு கட்டுரையில், சூடு வேறொரு குறிப்பில் என்று தனித்தனியாக நின்றன.

1853ல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி மோரியின் முயற்சியால் பிரசெல்ஸில் பத்து நாடுகள் கூடி, கப்பல் பதிவேடு எப்படி எழுத வேண்டும் என்று முடிவு செய்தன. மாலுமிகள் வாளியில் கடல்நீரை மொண்டு சூடு பார்த்தார்கள். கித்தான் வாளியில் நீர் ஆவியாகிக் குளிர்ந்துவிடும். பிறகு வந்த கப்பல்களில் என்ஜினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் தண்ணீரில் பார்த்தார்கள். அது சில மீட்டர் ஆழத்து நீர். என்ஜின் அறையின் சூடும் அதில் சேரும். அலையில்லாத வெயில் நாளில் மேல்தண்ணீருக்கும் அந்த ஆழத்து நீருக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். அலை அடித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

எந்த முறையில் அளந்தார்கள் என்பதைப் பல பதிவேடுகளில் எழுதவில்லை. 1945ல் உலகக் கடலே திடீரென்று குளிர்ந்ததுபோலக் கணக்கில் ஒரு சரிவு தெரிந்தது. போர் முடிந்து, அளக்கும் கப்பல்களும் முறையும் மாறியதே காரணம் என்று 2008ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆயுசு முழுக்க ரெஜிஸ்டர் எழுதிய குமாஸ்தாவான எனக்கு இது ஆச்சரியமில்லை. 'குறிப்பு' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் பின்னால் வருகிறவன்தான் திண்டாடுவான்.

புயலில் இந்தக் கலக்கல் பெரிதாக நடக்கிறது. உடையும் அலை மேலே சில மீட்டரைக் கலக்கும். காற்று தள்ளும் நீரோட்டம் இன்னும் ஆழத்தைக் கலக்கும். புயல் போன வழியில் கடல் குளிர்வது பெரும்பாலும் இதனால்தான் என்று 1981ல் ஜேம்ஸ் பிரைஸ் கணக்கிட்டுக் காட்டினார். மெதுவாக நகரும் புயல், தான் கிளப்பிய குளிரிலேயே பலம் குன்றும்.

நம் வங்கக்கடலின் வடபகுதியில் கதை வேறு. மழைக்காலம் முடிந்ததும் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய நன்னீர், உப்பில்லாததால் லேசாகி மேலே மூடிபோல மிதக்கும். அதற்கு அடியிலும் வெதுவெதுப்பான நீர்தான். புயல் கலக்கினாலும் குளிர்ச்சி மேலே வராது என்று 2008ல் தேபாசிஸ் சென்குப்தா குழுவினர் எழுதினார்கள். புயலை அடக்கும் கடிவாளம் அங்கே இல்லை.

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயலில் மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். செயற்கைக்கோள் மேல்தண்ணீரின் சூட்டை மட்டும் சொல்லும். அடியில் என்ன இருக்கிறது என்பதைக் கடலில் இறங்கும் மிதவைக் கருவிகள்தான் சொல்ல வேண்டும். புயல் எச்சரிக்கையை நம்பிப் படகைக் கரையேற்றும் மீனவருக்கு இரண்டு கணக்குமே வேண்டும்.