பொதுக் காப்புரிமையும் நீதிமன்றத்தின் தகுதியும்: ஐரோப்பிய அனுபவம்

பல நாடுகளுக்குப் பொதுவான காப்புரிமை முறை பற்றிய விவாதங்களில் மொழிபெயர்ப்புச் செலவே பெரும் தடையாகப் பேசப்படுகிறது. ஐரோப்பிய அனுபவத்தை நுணுகிப் பார்த்தால் அந்தக் கணிப்பு சரியல்ல என்று தெரியும். உரிமை வழங்கும் அதிகாரத்தை அங்குள்ள நாடுகள் அதிகத் தயக்கமின்றிப் பகிர்ந்துகொண்டன. அவ்வுரிமை குறித்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரத்தைப் பகிரவே தடுமாறின. பொதுக் காப்புரிமையின் மையச் சிக்கல் அதன் நீதிமன்றத்தின் அரசமைப்புத் தகுதியே என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

1973இல் மியூனிக்கில் கையெழுத்தான ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கை, விண்ணப்பத்தையும் பரிசீலனையையும் ஒரே அலுவலகத்திடம் ஒப்படைத்தது. ஆனால் வழங்கப்பட்ட பின் அக்காப்புரிமை நாடுவாரியாகப் பிரிந்துவிடும். இதன் விளைவை எபிலேடி என்ற கருவி குறித்த வழக்கில் காணலாம். ரோமம் நீக்கும் அக்கருவியின் காப்புரிமை சுழலும் சுருள்வில்லைக் குறிப்பிட்டது. ரெமிங்டன் நிறுவனமோ கீறல்கள் இட்ட ரப்பர் தண்டைப் பயன்படுத்தியது. இங்கிலாந்து நீதிமன்றம் உரிமை மீறல் இல்லை என்றது. டுசல்டார்ஃப் நீதிமன்றம் மீறல் என்றது. உரிமைக் கோரிக்கைகளுக்குப் பொருள்கொள்ள இரு நாடுகளையும் கட்டுப்படுத்திய விதி ஒன்றுதான். சட்ட வாசகத்தை மட்டும் ஒன்றாக்கினால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பொது நீதிமன்றத் திட்டம் 2011இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் 1/09ஆம் கருத்துரையில் முட்டி நின்றது. ஒன்றியத்தில் இல்லாத நாடுகளையும் சேர்த்து, ஒன்றியத்தின் நீதியமைப்புக்கு வெளியே நிற்கும் மன்றம், சட்டக் கேள்விகளை ஒன்றிய நீதிமன்றத்திடம் அனுப்பும் தேசிய நீதிமன்றங்களின் பணியைப் பறித்துவிடும் என்று அது கூறியது. எனவே 2013 உடன்படிக்கை புதிய மன்றத்தை உறுப்பு நாடுகளின் பொது நீதிமன்றமாக வரையறுத்து, மற்ற நாடுகளுக்குக் கதவடைத்தது. ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய பிரிட்டன் 2020இல் இதிலிருந்தும் விலகியது. லண்டனுக்கு ஒதுக்கப்பட்ட மையப் பிரிவின் கிளை பின்னர் மிலானில் அமைந்தது.

அதே 2020இல் ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றம் இந்த உடன்படிக்கைக்கான ஒப்புதல் சட்டத்தைச் செல்லாது என்றது. கீழவையில் ஏறத்தாழ 35 பேர் மட்டுமே இருந்தபோது நிறைவேறிய சட்டம் அது. நீதியதிகாரத்தை ஒப்படைப்பது அரசமைப்பையே மாற்றுவதற்கு ஒப்பானது, அதற்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஆதரவு தேவை என்பது தீர்ப்பின் சாரம்.

மொழிச் சிக்கலே முதன்மையானது என்போர் ஸ்பெயினின் எதிர்ப்பைச் சுட்டுவர். மொழி ஏற்பாட்டுக்கு ஒருமித்த சம்மதம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்பெயினையும் இத்தாலியையும் விட்டுவிட்டு 25 நாடுகள் முன்னேறின. ஸ்பெயின் தொடுத்த வழக்கு 2015இல் தள்ளுபடியானது. மொழித் தகராறு நாடுகளின் எண்ணிக்கையைக் குறைத்ததோடு தீர்ந்தது. நீதிமன்றத் தகராறோ அமைப்பையே மாற்றி எழுத வைத்தது.

2023 ஜூன் 1 முதல் இயங்கும் ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றத்தில் இப்போது 18 நாடுகள் உள்ளன; மியூனிக் உடன்படிக்கையிலோ 39. மீறலை வரையறுக்கும் பிரிவுகளும் ஒன்றிய நீதிமன்றத்தின் தலையீட்டைக் குறைப்பதற்காக ஒன்றியச் சட்ட வரைவிலிருந்து நீக்கப்பட்டு 2013 உடன்படிக்கைக்கு மாற்றப்பட்டன. தனித்துறை நீதிபதிகளின் நிபுணத்துவம் தீர்ப்புகளுக்குச் சீர்மை தரும். ஆனால் பொதுச் சட்டப் பார்வை கொண்ட ஒரு மேல்மன்றம் அவற்றைத் திருத்தும் வாய்ப்பு இதனால் சுருங்குகிறது. ஆகவே பொதுக் காப்புரிமையை நாடும் எந்தக் கூட்டமைப்பும், அலுவலகத்தைத் திறக்கும் முன்பே இறுதித் தீர்ப்பு யாருடையது, அதைக் கண்காணிப்பவர் யார் என்பதை முடிவுசெய்ய வேண்டும். அக்கேள்விகளை ஒத்திப்போட்ட ஐரோப்பா, மியூனிக்கிலிருந்து பொது நீதிமன்றம் வரை வர 50 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.