வானத்தை நம்பாத சைக்கிள் பிரயாணிகள்

லண்டன் மாநகரில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சுமார் 600 மில்லிமீட்டர்; சென்னையில் பெய்வது சுமார் 1,400. இவ்விரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்பவர், ஆங்கிலேயர் மழையைப் பற்றி ஓயாமல் புலம்புவதெல்லாம் வீண் ஆர்ப்பாட்டம் என்றே நினைப்பார். ஆனால் நம் மழைக்குக் காலம் உண்டு. ஐப்பசியும் கார்த்திகையும் பெய்து ஓய்ந்துவிட்டால், தை பிறந்தது முதல் பங்குனி முடிய நெடுவழி போகிறவன் பெரும்பாலும் வானத்தை அண்ணாந்து பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. பிரிட்டனில் அப்படி நம்பத்தக்க மாதம் ஒன்றுகூடக் கிடையாது. அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டு வரும் தாழ்வழுத்தச் சுழல்கள், காலையில் வெயிலும் பத்து மணிக்கு மேகமும் பகலுணவு வேளையில் சாரலுமாக ஒரே நாளைக் கூறுபோட்டுவிடும். உல்லாசத்துக்காகவே நாட்கணக்கில் கிராமாந்தரங்களைச் சைக்கிளில் சுற்றிவரும் வழக்கம் இத்தகைய தேசத்தில் வேரூன்றி வளர்ந்தது சரித்திரத்தின் விநோதங்களில் ஒன்று. அதன் பூர்வ கதையை ஆராய்ந்தால், மழை வருமா வராதா என்று கணிப்பதில் அந்தப் பிரயாணிகள் பெரிய சாமர்த்தியம் எதையும் அடைந்ததாகத் தெரியவில்லை. கணிப்பு பொய்த்த நாளிலும் பிரயாணம் பாழாகாதபடி ஏற்பாடு செய்துகொள்வதில்தான் அவர்களுடைய புத்தியெல்லாம் செலவாகியிருக்கிறது.

வானிலையை முன்கூட்டிச் சொல்லும் பிரயத்தனம் அந்நாட்டில் துக்ககரமாகவே ஆரம்பித்தது. டார்வினை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றிவந்த பீகிள் கப்பலின் தலைவரான ராபர்ட் ஃபிட்ஸ்ராய், 1854-ல் ஏற்பட்ட வானிலை இலாகாவுக்கு முதல் அதிபதியானார். 1859 அக்டோபரில் வேல்ஸ் கரையோரத்தில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் உடைந்து நானூறு பேருக்கு மேல் மாண்ட பிறகு, துறைமுகங்களுக்குத் தந்தி மூலம் எச்சரிக்கை அனுப்பும் முறையை அவர் வகுத்தார். 1861 ஆகஸ்டு 1-ந் தேதி டைம்ஸ் பத்திரிகையில் பொதுஜனங்களுக்கான வானிலைக் குறிப்பும் வெளிவந்தது. பலித்த நாட்களை மறந்து பொய்த்த நாட்களையே எண்ணிக்கொண்டிருப்பது ஜனங்களின் சுபாவம் ஆதலால், பரிகாசத்துக்குக் குறைவில்லை. கடனும் நோயும் மனச்சோர்வும் கூடி வருத்த, 1865-ல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டில், போதிய சாஸ்திர ஆதாரம் இல்லையென்று அந்தத் தினசரி அறிவிப்பே நிறுத்தப்பட்டது. 1875 முதல் டைம்ஸ் ஒரு வானிலைப் படத்தைப் பிரசுரித்து வந்தது உண்மைதான். ஆனால் அது முந்திய நாள் வானிலையின் படம். நாளைய மழையைப் பற்றிச் சர்க்கார் மீண்டும் ஜனங்களிடம் வாய் திறந்தது 1879 ஏப்ரலில்.

இந்த மௌனத்தின் கடைசி ஆண்டில்தான், 1878 ஆகஸ்டில், யார்க்ஷயரைச் சேர்ந்த ஹாரோகேட் என்ற ஊரில், ஸ்டான்லி காட்டரெல் என்ற இளைஞரின் முயற்சியால் சைக்கிள் பிரயாணிகளின் சங்கம் தோன்றியது. ஐந்தாண்டுகளுக்குப் பின் அது சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அங்கத்தினர்கள் ஏறிச் சென்றவை ஆள் உயர முன்சக்கரம் வைத்த வாகனங்கள். அவர்களைப் பொறுத்தவரையில், இன்று பெய்யும் மழையைக் காட்டிலும் நேற்றுப் பெய்த மழையே பெரிய சத்துரு. தார் போடாத காலம் அது. பொடிக்கல் இட்டுக் கெட்டித்த சாலைகள் வெயிலில் புழுதியாகவும் மழையில் குழம்பாகவும் மாறின. தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளின் பாதை நனைந்தால் வழுக்கும். கருங்கல் பரப்பிய பாதை சீக்கிரம் நீரை வடித்துவிடும். ஆகவே பிரயாணத் திட்டம் என்பது அப்போது பெரும்பாலும் மண்ணையும் கல்லையும் பற்றிய விசாரணையாக இருந்தது. ஊர்தோறும் கான்சல் என்ற பெயரில் கிளப் நியமித்த பிரதிநிதி, தம் வட்டாரத்துச் சாலைகளின் நிலைமையை விசாரிப்போருக்கு எடுத்துச் சொல்வார். வானிலை இலாகாவின் வாக்கைவிட அந்த உள்ளூர் மனிதரின் வாக்குக்கு மதிப்பு அதிகம் இருந்ததென்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

1885-ல் ஸ்டார்லி செய்த, சக்கரம் தாழ்ந்த ரோவர் சைக்கிளும், 1888-ல் டன்லப்பின் காற்றடைத்த டயரும் வந்தபிறகு, இவ்வழக்கம் தீரமுள்ள வாலிபர்களின் விளையாட்டாக இருந்த நிலை மாறி, மத்தியதர வர்க்கத்தாரின் பொழுதுபோக்காயிற்று. 1899-ல் கிளப்பின் அங்கத்தினர் தொகை அறுபதாயிரத்தைத் தாண்டியது. அவர்களுக்குக் கிளப் அளித்த பெரிய சகாயம், ஒதுங்க இடம். சிறகு முளைத்த சக்கரத்தைச் சின்னமாகப் பொறித்த இரும்புப் பலகை ஒரு விடுதியின் சுவரில் தென்பட்டால், சேறு படிந்த உடையோடு வருகிறவனுக்கும் அங்கே சூடான தேநீரும் கணப்பும் கிடைக்கும் என்று அர்த்தம். இந்த வாக்குறுதி எல்லா இடங்களிலும் காப்பாற்றப்படவில்லை. 1898-ல் சர்ரே மாகாணத்து ஒக்கம் கிராமத்தில், ஹாட்பாய் விடுதியின் எஜமானி, பாவாடைக்குப் பதிலாக அகன்ற காற்சட்டை அணிந்து சைக்கிளில் வந்த லேடி ஹார்பர்ட்டனைக் காபி அறைக்குள் விட மறுத்து, மது அருந்துவோர் கூடும் பக்கத்து அறையைக் காட்டினாள். கிளப் வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டில் தோற்றது. நனைந்தால் ஈயம்போல் கனக்கும் நீண்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு பெடல் மிதித்துப் பார்க்காதவர்களே அந்த வழக்கில் தீர்ப்பளித்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

மழையை அளப்பதில் அந்நாட்டார் காட்டிய சிரத்தையைச் சொல்லாமல் விடமுடியாது. 1860-ல் ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் என்பவர் ஆரம்பித்த ஸ்தாபனத்துக்காகப் பாதிரிமாரும் பண்ணையாரும் தோட்டக்காரரும் தத்தம் வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்து நாள் தவறாமல் அளந்து அனுப்பினார்கள். அவர் 1900-ல் காலமானபோது அப்படி அளப்பவர்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்டிருந்தார்கள். மேற்கு மலைகள் மழையை வாங்கிக்கொள்கின்றன, கிழக்குச் சமவெளிகள் அதனாலேயே உலர்ந்திருக்கின்றன என்ற உண்மை இதனால் ஊர் ஊராக ருசுவாயிற்று. ஏரிப் பிரதேசத்தில் ஸீத்வெயிட் என்ற குக்கிராமத்தில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் பெய்யும். கிழக்கே எஸ்ஸெக்ஸ் கரையில் அதில் ஆறில் ஒரு பங்கு பெய்தால் அதிகம். அழகான தேசமெல்லாம் ஈரமான தேசமாகவே அமைந்துவிட்டதுதான் அவர்களுடைய கஷ்டம். மேலைக்காற்றே மிகுதியாக வீசும் நாடாகையால், காலையில் பெட்டியோடும் சைக்கிளோடும் ரெயிலில் மேற்கே போய் இறங்கி, முதுகில் காற்று தள்ள வீட்டை நோக்கித் திரும்புவது அனுபவசாலிகளின் யுக்தி. ரெயில்வே ஸ்டேஷன்கள் கிளை பரப்பியிருந்த அக்காலத்தில், வழியில் மழை பிடித்துக்கொண்டால் அடுத்த ஸ்டேஷனில் சைக்கிளைக் கார்டு பெட்டியில் ஏற்றிவிட்டுத் தப்பித்துக்கொள்வதும் அத்திட்டத்தில் சேர்ந்ததே.

ஆனால் மாதத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எல்லாருக்கும் இருக்கவில்லை. மேற்கு மலைகளில் மே, ஜூன் மாதங்கள் ஓரளவு உலர்ந்தவை என்பதை மழைமானிக் கணக்குகள் தெளிவாகக் காட்டின. அவகாசம் உள்ளவர்கள் அப்போது போய்வந்தார்கள். லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளியோ, ஆலை எந்த வாரம் மூடப்படுகிறதோ அந்த வாரத்தில்தான் போகமுடியும். குமாஸ்தாவுக்கு 1871-ம் வருஷத்துச் சட்டம் கொடுத்த ஆகஸ்டு விடுமுறை இருந்தது. ஆகஸ்டு அங்கே மழைக்குப் பேர்போன மாதம். சம்பளத்தோடு விடுமுறை தருவதைப் பற்றிய சட்டம் பிறந்ததே 1938-ல்தான். 1930-ல் தொடங்கிய யூத் ஹாஸ்டல் சங்கம் இரவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் படுக்கை கொடுத்து, இவர்களைப் போன்றோருக்கு மலைநாட்டின் கதவைத் திறந்தது. அங்கே ஈர உடைகளை உலர்த்துவதற்கென்றே ஓர் அறை உண்டு. ஆட்டு ரோமமும் ரப்பரும் ஒன்றாக வேகும் வாசனை அதன் விசேஷ லட்சணம். காலை பத்து மணிக்கு விருந்தாளிகளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தி மாலை ஐந்து மணிக்கே திறப்பார்கள் என்பதால், முந்திய ஊரில் மழை நிற்கட்டும் என்று காத்திருக்கலாமென்ற ஆசைக்கும் அங்கே இடமில்லை. முன்பதிவு செய்த அடுத்த ஹாஸ்டல் முப்பது மைலுக்கு அப்பால் இருக்கும். பெய்தாலும் போகத்தான் வேண்டும்.

போகிறவன் பூண்ட கவசம் கேப் என்னும் மேலங்கி. மஞ்சள் மெழுகுசீலையால் தைத்த அதைத் தலைவழியே மாட்டி, முன்புறத்தை ஹேண்டில்பாரின்மேல் இழுத்துவிட்டு, உள்ளே தைத்திருக்கும் இரண்டு வளையங்களில் கட்டைவிரல்களை நுழைத்துக்கொண்டால், தொடை வரையில் ஒரு சிறு கூடாரம் அமைந்துவிடும். அடியில் திறந்திருப்பதால் காற்று புகுந்து வியர்வை ஓரளவு ஆறும். உடம்பைச் சுற்றி இறுக்கிய மழைக்கோட்டிலோ, வெளியே நனைவதைவிட உள்ளே நனைவதே அதிகம். எதிர்க்காற்றில் இதே கேப் பாய்மரமாக விரிந்து ஆளைப் பின்னுக்குத் தள்ளும். மழை ஓய்ந்தால் சுருட்டி, ஸீட்டுக்குப் பின்னால் தொங்கும் பையின்மேல் வாரால் கட்டிவிடலாம். லங்காஷயரின் நெல்சன் ஊரில் 1930-களில் காரடைஸ் என்பவர் தைக்கத் தொடங்கிய அந்த முரட்டுப் பருத்திப் பைகள், நனைந்தவுடன் நூல் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும் குணத்தால் பிரசித்தி பெற்றன. சைக்கிளில் மட்டும் குறை நீங்கவில்லை: எஃகு ரிம் நனைந்தால் பிரேக் கட்டைகள் சற்று நேரம் வெறுமனே வழுக்கிச் சுழலவிட்டுத்தான் பிடிக்கும், இறக்கத்தில் அந்தச் சற்று நேரம் நீண்ட நேரம். சங்கிலியைக் காக்க சன்பீம் கம்பெனியார் அதை எண்ணெய் நிறைந்த பெட்டிக்குள்ளேயே மூடிவைத்தார்கள்.

இவ்வளவு ஏற்பாடுகளுக்கும் பிறகு, கெட்ட வானிலையைத் தேடியே போகும் ஒரு கூட்டம் எழுந்தது. வேஃபேரர் என்ற புனைபெயரில் எழுதிய டபிள்யூ. எம். ராபின்ஸன் 1919 மார்ச்சு முடிவில் வேல்ஸ் நாட்டு பெர்வின் மலையைப் பனிக்குவியல்களினூடே சைக்கிளைத் தள்ளியும் தூக்கியும் கடந்து, அதை ஸைக்ளிங் பத்திரிகையில் எழுதினார். வெயில் பார்த்துப் புறப்படுவதை ஒரு பலவீனமாகவே கருதும் மனப்பான்மை அக்கட்டுரையால் பரவியது. 1955-ல் ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப் என்ற சங்கம் பிறந்ததும் அந்தப் பரம்பரையில்தான். எனக்கு இந்த மனப்பான்மை முழுதும் ஏற்புடையதல்ல. மழையில் நனைவதைப் பொறுப்பது ஒன்று, அதை ஒரு யோக்கியதையாகக் கொள்வது வேறொன்று.

பி.பி.சி. 1923 முதல் தினந்தோறும் வானிலையை வானொலியில் ஒலிபரப்பத் தொடங்கியதால், புறப்படுமுன் காதைத் தீட்டிக்கொள்ளும் வழக்கம் பரவியது. யுத்தம் அதையும் பறித்தது: பகைவருடைய விமானங்களுக்கு உதவுமென்று 1939-ல் ஒலிபரப்பு நின்றது, 1940-ல் சாலைகளின் திசைகாட்டிப் பலகைகளையும் பிடுங்கிவிட்டார்கள். மழையும் தெரியாது, வழியும் தெரியாது. ஆயினும் பெட்ரோல் பஞ்சத்தால் மோட்டார்கள் அடங்கிக் கிடந்த அந்த ஆண்டுகளில் சாலைகள் சைக்கிள்காரர்களுக்கே சொந்தமாயிருந்தன. பலகை இல்லாத முச்சந்தியில் பழைய முறைப்படி ஊர்க்காரரையே வானத்தையும் வழியையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

இன்று ராடார் படம் கைப்பேசியிலேயே தெரிகிறது. எந்தக் குன்றின்மேல் எப்போது மழை விழும் என்பதை அது ஏறக்குறைய நிமிஷக் கணக்கில் காட்டுகிறது. அப்படியிருந்தும் பிரிட்டிஷ் கிளப்புகளின் குளிர்காலப் பிரயாணங்களில் மட்கார்டு இல்லாமல் வருகிறவனுக்கு வரிசையின் கடைசி இடம்தான்; மட்கார்டு உள்ளவனும் அதன் நுனியில் ஒரு ரப்பர்த் துண்டைத் தொங்கவிட்டு, பின்னால் வருகிறவன் முகத்தில் சேறு தெறிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டுமென்று எதிர்பார்க்கிறார்கள்.