நேற்று எஸ்டிஏ, இன்று எஸ்டிபி

அப்பா சித்தூரிலும் திருப்பதியிலும் எடுத்த படங்கள் எல்லாம் ஒரு வன்தட்டில். காலி செய்ய வேண்டிய பழைய தட்டு இன்னொன்று. இரண்டையும் லினக்ஸ் பெட்டியில் மாட்டி, 'எஸ்டிபிதான் பழசு' என்று சீட்டில் குறித்து வைத்தேன். மறுநாள் பெட்டியைக் கிளப்பி அழிக்கும் கட்டளையையும் அடித்தாயிற்று. என்டர் தட்டுமுன் கொள்ளளவைப் பார்த்தேனோ, பிழைத்தேனோ! பெயர்கள் இடம் மாறியிருந்தன.

நான் படித்தது பி.காம். ஆனாலும் விடவில்லை, கதையைத் தோண்டினேன்.

ஐடிஇ காலத்தில் பெயர் கேபிளோடு ஒட்டியது. முதல் கேபிளின் மாஸ்டர் எச்டிஏ, ஸ்லேவ் எச்டிபி. இரண்டாம் கேபிளின் மாஸ்டர் எப்போதும் எச்டிசி. ஸ்கசி தட்டுகளுக்கோ கண்ணில் பட்ட வரிசையில் எஸ்டிஏ, எஸ்டிபி. பேங்க் டோக்கன் மாதிரி, இன்றைக்கு 5, நாளைக்கு 9. பின்னால் வந்த யூஎஸ்பி, சாட்டா தட்டுகளும் இந்த வரிசையில்தான் சேர்ந்தன.

சரி, தட்டின் மேலேயே பெயர் எழுதுவோம் என்று ரெட்ஹாட் லேபிள் முறையைக் கொண்டுவந்தது. ஆனால் ஒவ்வொரு நிறுவலிலும் மூலப் பகுதிக்கு ஒரே லேபிள், வெறும் சாய்கோடு. இரண்டு ரெட்ஹாட் தட்டுகளை ஒரே பெட்டியில் மாட்டினால் இரண்டும் 'நான்தான்' என்று நிற்கும். திருப்பதி பக்கம் ஏதாவது பேங்கில் 'வெங்கடேஷ்' என்று கூப்பிட்டுப் பாருங்கள், பாதிப் பேர் எழுந்து வருவார்கள். கணக்கு எண் இல்லாமல் நடக்குமா?

அந்தக் கணக்கு எண்தான் யூயூஐடி. 128 பிட். தட்டுப் பகுதியை ஃபார்மேட் செய்யும்போதே எழுதப்பட்டுவிடும். 2003-ல் வந்த யூடெவ் இதைக் கொண்டு நிலையான பெயர்களை உண்டாக்கியது. 2006-ல் உபுண்டு 6.10 இதற்கு மாறியது.

எங்கள் ஊர்க் கதையும் இதுதானே! 1911 வரை சித்தூர் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடம். பிறகு தன் பெயரிலேயே மாவட்டம். திருப்பதியோ வட ஆற்காட்டில் இருந்து, சித்தூருக்கு வந்து, 2022 ஏப்ரலில் தனி மாவட்டம். தாத்தா, அப்பா, பேரன் மூவர் காகிதத்திலும் மூன்று மாவட்டம். வீடு ஓர் அடி நகரவில்லை. பின்கோடு மட்டும் அதே 517501.

ஒரு வில்லங்கம் பாக்கி. தட்டை அப்படியே நகலெடுத்தால் யூயூஐடியும் நகலாகிவிடும். எக்ஸ்எஃப்எஸ் இரண்டாவதை ஏற்றவே மறுக்கும். புது எண் கொடுக்க வேண்டும். முழுத் தட்டை அழிக்கப் போகிறவர்கள் அதைவிடத் தயாரிப்பாளர் சீரியல் எண்ணைப் பார்ப்பதே உத்தமம்.

அப்பா தட்டின் மேல் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டேன்.