காது கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை: ஒரு சட்ட வரையறையின் கதை

ஆடியோகிராம் நார்மல். காதில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் வகுப்பில் டீச்சர் சொல்வது பிள்ளைக்குப் பிடிபடவில்லை. வீட்டில் அமைதியாக உட்கார வைத்துச் சொன்னால் புரிகிறது. நாற்பது பிள்ளைகள் கலகலவென்று இருக்கிற அறையில் புரிவதில்லை. 'சொல்வதை எழுதுதல்' வந்தால் 'மலை' 'மழை'யாகிறது, 'பள்ளி' 'பல்லி'யாகிறது. "கவனம் இல்லாத பிள்ளை" என்று பெயர் விழுந்துவிடுகிறது.

இதற்கு மருத்துவ உலகில் ஒரு பெயர் உண்டு: ஆடிட்டரி ப்ராசசிங் டிஸார்டர், சுருக்கமாக ஏபிடி. தமிழில் செவிவழிச் செயலாக்கக் குறைபாடு எனலாம். புதுக்கோட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் சில மாதங்களுக்கு முன் கேட்டார்: "இது ஊனத்துல சேருமா, சேராதா? ஸ்கூல்ல ஏதாவது உதவி கேக்க முடியுமா?" நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை, கம்ப்யூட்டர் ஆள். ஆனாலும் கேள்வி விடவில்லை. தோண்டிப் பார்த்ததில் ஒரு வரலாறே வெளியே வந்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

டெசிபெல் எங்கிருந்து வந்தது?

1920-களில் அமெரிக்காவின் பெல் நிறுவனத்துப் பொறியாளர்களுக்கு ஒரு பிரச்சினை. நீண்ட தொலைபேசிக் கம்பியில் குரல் எவ்வளவு தேய்கிறது என்று அளக்க ஓர் அலகு வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் டெசிபெல். அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயரால் அந்தப் பெயர். அதே காலத்தில், அதே வட்டாரத்தில்தான் மின்சார ஆடியோமீட்டரும் உருவானது. கம்பியில் குரல் தேய்வதை அளந்த கணக்கே காதில் கேட்கும் திறன் தேய்வதையும் அளக்கத் தொடங்கியது.

நல்ல கருவிதான், சந்தேகமில்லை. ஆனால் அது கேட்பது ஒரே ஒரு கேள்வி: "பீப் சத்தம் கேட்கிறதா, இல்லையா?" கேட்ட சத்தம் என்ன சத்தம் என்று அது கேட்பதில்லை.

நம்ம மாவட்டத்துக் குடுமியான்மலையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சிகாநாதசுவாமி கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், ஏறக்குறைய 7-ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்தில், ஏழு பிரிவாக, சுரங்களை நான்கு நான்காக அடுக்கியிருக்கிறார்கள். ஒரே சுரத்தின் நுண்ணிய வேறுபாட்டைக் காட்ட எழுத்தின் உயிரொலியை மாற்றி மாற்றிச் செதுக்கியிருக்கிறார்கள். கேட்பது என்பது சத்தம் வருவது மட்டுமில்லை, ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறிவது என்று அந்தக் கல்வெட்டைச் செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆடியோமீட்டரில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

1954: காதுக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

1954-ல் இரண்டு பக்கம் இரண்டு வேலை நடந்தது. இத்தாலியில் பொக்கா, கலெயாரோ ஆகியோரின் குழு மூளையின் பக்கவாட்டு மடலில் கட்டி இருந்த நோயாளிகளைச் சோதித்தது. சாதாரண ஆடியோமீட்டர் சோதனையில் எல்லாம் சரி. ஆனால் பேச்சொலியைக் கொஞ்சம் வடிகட்டி, மங்கலாக்கிக் கொடுத்தபோது கட்டிக்கு எதிர்ப்பக்கக் காதில் தடுமாறினார்கள். அதாவது, பழுது காதில் இல்லை. காதிலிருந்து வந்ததை மூளை கையாளும் இடத்தில்.

அதே ஆண்டு அமெரிக்காவில் ஹெல்மர் மைக்கல்பஸ்ட் குழந்தைகளின் கேட்டல் கோளாறுகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். காது கேளாத குழந்தையையும், காது கேட்டும் பேச்சை விளங்கிக்கொள்ள முடியாத குழந்தையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது என்பது அவர் வாதம். பிறகு 1961-ல் டோரீன் கிமுரா, இரு காதிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சொற்களைக் கொடுக்கும் சோதனையால் மூளையின் இரு பாதிகளும் பேச்சைக் கையாளும் விதத்தை ஆராய்ந்தார். 1962-ல் ஜாக் கட்ஸ் தன் சோதனையைக் கொண்டுவந்தார்.

இந்தியாவில் இந்த வேலைக்கு மையம் மைசூரில் உள்ள அகில இந்திய பேச்சு-கேட்டல் நிறுவனம். அங்கே ஆஷா யதிராஜும் உடன் ஆய்வாளர்களும், ஆசிரியர்களே நிரப்பக்கூடிய 12 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை 2003-ல் உருவாக்கினார்கள். ஆக, இது நேற்று வந்த வெளிநாட்டு ஃபேஷன் இல்லை. நமக்கு எட்டுகிற தூரத்திலேயே இருபது வருடமாகக் கருவி இருக்கிறது.

சட்டம் எதை எண்ணியது?

1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைகளை மட்டும் ஏற்றது. அதில் கேட்டல் குறைபாடு என்றால், நன்றாகக் கேட்கும் காதிலேயே 60 டெசிபெல் அல்லது அதற்கு மேல் இழப்பு இருக்க வேண்டும். நாம் சாதாரணமாகப் பேசும் சத்தமே ஏறக்குறைய 60 டெசிபெல்தான். கற்றல் குறைபாடு அந்தப் பட்டியலிலேயே இல்லை.

2016-ல் புதுச் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறை. ஏழு, 21 ஆனது. காது விஷயத்தில் மட்டும் அதே டெசிபெல் கணக்கு: இரு காதிலும் 60 முதல் 70 வரை இழப்பு என்றால் குறைசெவி, 70 என்றால் செவிடு. ஏபிடி உள்ள பிள்ளைக்கு ஆடியோகிராம் நார்மல். எனவே இந்தக் கதவு முழுசாக மூடிக்கிடக்கிறது. 'பேச்சு, மொழிக் குறைபாடு' என்ற வகையும் உதவாது. குரல்வளை அகற்றியவர்கள், அஃபேசியா உள்ளவர்கள் போன்ற நிரந்தர நிலைகளை மனதில் வைத்து எழுதியது அது.

மிச்சம் இருப்பது 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு'. சுவாரசியமே இங்கேதான்.

எங்கள் தொழிலில் 'டிஃப்' என்று ஒரு பழக்கம் உண்டு. ஒரே கோப்பின் இரண்டு வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரி போயிருக்கிறது, எந்த வரி புதுசு என்று பார்ப்பது. நம் 2016 வரையறையையும் அமெரிக்காவின் 1975 கல்விச் சட்ட வரையறையையும் அப்படி வைத்துப் பார்த்தேன். அச்சு ஒன்றேதான். அமெரிக்க வரையறைக்கு வேர், 1968-ல் சாமுவேல் கிர்க் தலைமையிலான ஆலோசனைக் குழு எழுதியது. பேச்சு மொழியையோ எழுத்து மொழியையோ கையாளுவதில் உள்ள கோளாறு என்று இரண்டுமே சொல்கின்றன. அது எதில் எல்லாம் வெளிப்படும் என்ற பட்டியலில்தான் வித்தியாசம்.

அமெரிக்கப் பட்டியலில் முதல் சொல் 'கேட்டல்'. அப்புறம் சிந்தித்தல், பேசுதல், படித்தல், எழுதுதல், எழுத்துக்கூட்டல், கணக்கு. நம் பட்டியலில் முதல் இரண்டு சொற்களும் இல்லை. அந்த இடத்தில் 'புரிந்துகொள்ளுதல்' என்று ஒரே சொல் நிற்கிறது. மற்றவை அப்படியே.

நம்ம தமிழ்ப் பாடத்திட்டத்தில் மொழித்திறன் என்றாலே கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நான்கு. முதலில் வருவது கேட்டல். அந்தச் சொல்தான் சட்டத்தில் விழுந்துவிட்டது.

ஆனால் டிஃபில் இன்னொரு வரியும் கண்ணில் பட்டது. அமெரிக்க வரையறையில் இருந்த மூளைக் காயம் போன்றவற்றை நம்மவர்கள் எடுத்துவிட்டு, டிஸ்கிராஃபியா, டிஸ்கால்குலியா, டிஸ்ப்ராக்ஸியா ஆகியவற்றைச் சேர்த்தார்கள். 'புலனறிவுக் குறைபாடுகள்' என்ற சொல்லைத் தொடவில்லை. காதால் வருவதைப் பிரித்தறிவதும் புலனறிவுதானே? கிர்க் காலத்தில் அந்தத் துறையில் முன்னணியில் இருந்தவர்களில் ஒருவர், நாம் மேலே பார்த்த அதே மைக்கல்பஸ்ட்.

எனவே என் வாசிப்பு இது: ஏபிடி என்ற பெயர் சட்டத்தில் இல்லை. ஆனால் பேச்சு மொழியைக் கையாளுவதில் குறை, அது புரிந்துகொள்ளுதலில் வெளிப்படுவது, புலனறிவுக் குறைபாடு, இந்த மூன்று சொற்களும் சேர்ந்து ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. அமெரிக்காவிலும் சட்டத்தில் ஏபிடி என்று தனிப்பெயர் கிடையாது. அங்கே 2014-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், அது 'பிற உடல்நலக் குறைபாடு' என்ற வகையில் வரக்கூடும் என்று ஏற்றது.

காகிதத்தில் கதவு, நடைமுறையில் பூட்டு

2018 ஜனவரியில் மத்திய அரசு மதிப்பீட்டு வழிகாட்டியை வெளியிட்டது. அதன்படி கற்றல் குறைபாட்டுச் சான்று எட்டு வயது முடிந்த பிறகுதான் என்று இருந்தது. சோதனை நிம்ஹான்ஸ் தொகுப்பாக இருந்தது. அது முக்கியமாகப் படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவதை வைத்தே முடிவு செய்கிறது. ஏபிடி-யைக் கண்டறிபவர் ஆடியாலஜிஸ்ட். கற்றல் குறைபாட்டுச் சான்றில் கையெழுத்துக்கு உரியவர்களோ குழந்தை மருத்துவரும் உளவியலாளரும். இரண்டு அறைகளுக்கு நடுவே பிள்ளை வராந்தாவில் நிற்கிறது.

இங்கேதான் 2021 பிப்ரவரி 11 தீர்ப்பு முக்கியம். விகாஷ் குமார் என்ற மருத்துவப் பட்டதாரிக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் 'ரைட்டர்ஸ் கிராம்ப்'. குடிமைப் பணித் தேர்வுக்கு எழுத்தர் கேட்டார். அவருடைய குறை 6 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டது. 40 சதவீதம் இல்லை என்று யுபிஎஸ்சி மறுத்தது. நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு என்ன சொன்னது? இடஒதுக்கீடு போன்ற சில பயன்களுக்குத்தான் 40 சதவீதம். நியாயமான வசதி செய்து தருவது எல்லா மாற்றுத்திறனாளிக்கும் உரிய உரிமை. சட்டத்தின் 2(எஸ்) பிரிவு சதவீதம் கேட்கவில்லை. நீண்டகாலக் குறை, சூழலின் தடைகளோடு சேர்ந்து, மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க முடியாமல் செய்கிறதா என்றுதான் கேட்கிறது.

இதைப் பள்ளிக்குப் பொருத்திப் பாருங்கள். அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள், தனிப் பிள்ளையின் தேவைக்கேற்ப நியாயமான வசதி செய்ய வேண்டும் என்கிறது 16-ஆம் பிரிவு. அதிலும் 40 சதவீதம் என்ற பேச்சு இல்லை.

ஆனால் நடைமுறைச் சலுகைகள் எல்லாமே தேர்வை நோக்கியவை: கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு. விகாஷ் குமார் தீர்ப்புக்குப் பின் 2022 ஆகஸ்டில் வந்த வழிகாட்டியும் எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கானது. ஏபிடி பிள்ளைக்குத் தேர்வு நாளில் பெரிய சிக்கல் இல்லை. கேள்வி அச்சில் இருக்கிறது. சிக்கல் மற்ற நாள் பூராவும்.

இது நிஜமான நோய்தானா?

எதிர்வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். 2010-ல் பிரிட்டனின் டேவிட் மூர் குழு, 6 முதல் 11 வயதுவரை சுமார் 1,500 பிள்ளைகளைச் சோதித்தது. சத்தத்தில் பேச்சைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவதற்குக் காரணம் ஒலியைப் பகுக்கும் திறனைவிடப் பெரும்பாலும் கவனத்திறன்தான் என்றது. ஏபிடி தனி நிலையா, கவனக்குறைவின் இன்னொரு முகமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

எனக்குத் தோன்றுவது: அந்தச் சண்டை ஆய்வுக்கூடத்துக்கு அவசியம், மூன்றாம் வகுப்புக்கு அவசியமில்லை. காரணம் காதா கவனமா என்று முடிவாகும்வரை பிள்ளை காத்திருக்க முடியாது. 2(எஸ்) பிரிவும் காரணத்தைவிடத் தடையைத்தான் கேட்கிறது. தடை என்ன? சத்தம். அமெரிக்காவில் 2002-ல் வந்த ஒரு தரநிலை, காலியாக இருக்கும் வகுப்பறையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்கிறது. நம்ம ஊரில் ஒரே கூடத்தில் இரண்டு மூன்று வகுப்பு, மேலே கடகடக்கும் ஃபேன், பக்கத்திலேயே பஸ் ரோடு என்றால் நல்ல காது உள்ள பிள்ளைக்கே பாதிதான் விழும்.

அப்ப என்ன கேட்கலாம்?

நண்பருக்கு நான் சொன்னது இது. 'ஏபிடி சான்று கொடுங்கள்' என்று அலைய வேண்டாம். அப்படி ஒரு சான்று சட்டத்தில் இல்லை. முதலில் காதில் சீழ், நீர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நம்ம பக்கம் காதில் சீழ் வடிவதை "தானாச் சரியாயிடும்" என்று விட்டுவிடுகிற வழக்கம் அதிகம். அப்புறம், பொதுவாக ஏழு வயதுக்கு மேல், ஆடியாலஜிஸ்டிடம் ஏபிடி சோதனைகளைச் செய்து அறிக்கை எழுத்தில் வாங்குங்கள். படிப்பும் பின்தங்கியிருந்தால் எட்டு வயதில் கற்றல் குறைபாட்டு மதிப்பீட்டுக்குப் போகும்போது அந்த அறிக்கையையும் சேர்த்து வையுங்கள். வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். தலைமையாசிரியருக்கு ஒரு மனு, 16-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு. கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: முன்வரிசை இடம், ஜன்னலோரம் வேண்டாம். வீட்டுப்பாடத்தைப் பலகையில் எழுதிப்போடுவது. முகம் பார்த்துச் சொல்வது. விளங்கவில்லை என்றால் அதையே உரக்கச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்வது. 'சொல்வதை எழுதுதல்' மதிப்பெண்ணைப் படிப்புத் திறனுக்கு ஒரே அளவாக வைக்காமல் இருப்பது.

இதில் எதற்கும் அரசாணை வேண்டாம். சுண்ணக்கட்டி தவிரச் செலவும் இல்லை.

சட்டத்தின் அட்டவணையில் கடைசியாக ஒரு வரி இருக்கிறது: மத்திய அரசு பின்னர் அறிவிக்கும் வேறு எந்த வகையும். ஏழு, 21 ஆனதற்கு இடையில் இருபது வருடம் போயிற்று. அடுத்த திருத்தத்துக்கு உட்காருகிறவர்களிடம் நான் கேட்பது ஒரு சொல்தான். பட்டியலின் தொடக்கத்தில், விழுந்துபோன 'கேட்டல்' என்பதைத் திரும்ப எழுதிவிடுங்கள்.