கைக்குத் தெரிந்த ரகசியம்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது, பாலம், அணை என்று பெரிதாக எழுதலாமா என்றுதான் யோசித்தேன். ஆனால் மனம் போய் நின்றது, 2010இல் நம்ம ஹாஸ்டலில் ஒரு கேம் கன்ட்ரோலர் அதிர மறுத்த இரவில்!

அறை நண்பன் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் வாங்கியது அது. கணினியில் லினக்ஸ், அதில் ஒரு எமுலேட்டர், அதாவது நின்டெண்டோ 64 என்ற பழைய விளையாட்டுப் பெட்டியைப் போலவே இயங்கும் மென்பொருள். ஆடியது 1998இல் வந்த 'ஒகரினா ஆஃப் டைம்'. அதில் வேதனைக் கல் என்றொரு பொருள் உண்டு. ஒளிந்திருக்கும் குழியை நெருங்கினால் கன்ட்ரோலர் 'கிர்ர்' என்று அதிரும். ரகசியம் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். எங்களுக்கோ கல் வெறும் கல்லாகவே கிடந்தது! "கடைக்காரர் ஏமாத்திட்டார்டா" என்று நான் அடித்துச் சொன்னேன்.

இந்த வித்தை புதிதல்ல. 1976இலேயே சேகாவின் 'மோட்டோ கிராஸ்' ஆட்டத்தில் வண்டி மோதினால் கைப்பிடி அதிர்ந்தது. 1997இல் நின்டெண்டோ, கன்ட்ரோலரில் செருகும் 'ரம்பிள் பேக்'கை வெளியிட்டது. அதே ஆண்டு ஜப்பானில் சோனியின் டூயல்ஷாக் வந்தது. அதில் பெரிதும் சிறிதுமாக இரண்டு மோட்டார்கள். தண்டின் ஒரு பக்கம் மட்டும் எடையை வைத்துச் சுழற்றினால் அதிரும். முதலாண்டு மெக்கானிக்ஸ்தான்!

பொத்தானை அழுத்தினால் சேதி கணினிக்கு வருகிறது. அதிர்வுக்கோ சேதி எதிர்த்திசையில் போக வேண்டும். லினக்ஸ் கெர்னலில் இதற்கான விளக்கக் கோப்பை 2001இல் ஜோஹான் டென்யூ எழுதினார். 2006இல் அன்ஸி ஹன்னுலா புதுப்பித்தார். சில ஜாய்ஸ்டிக்குகள் அதிர்வுக் கட்டளைகளைத் தம் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். சாதாரண கன்ட்ரோலருக்கு அந்த வசதி கிடையாது. எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதைக் கெர்னலே கணக்கிட வேண்டும். ஹன்னுலா அதற்கும் வழி செய்தார். பெரிய மோட்டாருக்கு ஓர் எண், சிறியதற்கு ஓர் எண், 0 முதல் 65535 வரை. அவ்வளவே!

அந்தக் கோப்பைப் படித்த பிறகுதான் எங்கள் தவறுகள் புரிந்தன. எமுலேட்டரின் அமைப்பில் ரம்பிள் பேக் செருகியதாகக் குறிக்கவே இல்லை. மேலும், பொத்தான்கள் 'ஜேஎஸ்' என்ற பழைய சாதனக் கோப்பு வழியே வேலை செய்தன. அதிர்வோ 'ஈவென்ட்' கோப்பு வழியேதான் போகும். அதில் எழுத எங்கள் கணக்குக்கு அனுமதி இல்லை! அனுமதி கொடுத்து, 'எஃப்எஃப்டெஸ்ட்' என்ற சோதனை நிரலை ஓட்டினோம். விடியற்காலை மூணு மணிக்கு, மேசை மேல் கிடந்த கன்ட்ரோலர் தானாக நகர்ந்தது. கடைக்காரரை மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

2021இல் டூயல்சென்ஸ் கன்ட்ரோலருக்கான டிரைவரைச் சோனியே லினக்ஸ் கெர்னலுக்கு வழங்கியது. அதற்கு வெகு காலம் முன்பே பாதை போட்டவர்கள் இல்லையென்றால், பழைய ஆட்டங்களின் படமும் ஒலியும் மட்டுமே பிழைத்திருக்கும். கைக்குத் தெரிந்த ரகசியம் காணாமல் போயிருக்கும்.

தம்பி தங்கைகளே! சின்ன வேலையென்றாலும் முழுசா முடியுங்கள். முடித்ததை விளக்கமாக எழுதி வையுங்கள். முகம் தெரியாத ஒருவன் எங்கோ ஒரு ஹாஸ்டல் அறையில் அதைத் தேடிக்கொண்டிருப்பான்.